கழுத்தை மட்டும் தொடு

என் கல்யாண கவுன் ஒன்பது வருஷம் பெட்டிக்குள் கிடந்தது. ஏன் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் சொல்வது ஒன்றுதான். ஆம்பிளைகளுக்கு வாயைக் கொடுத்த ஆண்டவன் அதற்கு ஒரு தாழ்ப்பாளையும் கொடுத்துத் தொலைத்திருக்கலாம்.

வெய்க்கோவுக்கும் எனக்கும் நிச்சயமான ஞாயிற்றுக்கிழமை அது. ஆராதனை முடிந்து சர்ச்சுக்குக் கீழே இருக்கிற கூடத்தில் எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். ஏலக்காய் ரொட்டி நான் சுட்டது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கெர்த்துவின் புருஷன் ரூடி இருக்கிறானே, சும்மா கிடந்த சங்கை அவன்தான் ஊதிக் கெடுத்தான். ஊரிலேயே குறி தப்பாத தைஸ்தோவின் தங்கையைக் கட்டப்போகிற மாப்பிள்ளை இன்றுவரை ஒரு கொம்பனைக்கூடச் சாய்த்ததில்லையாமே, பெண்ணுக்கு எதைப் போட்டுக் காப்பாற்றப்போகிறார் என்று சிரித்துக்கொண்டே கேட்டான். கொம்பன் என்றால் எங்கள் ஊரில் கொம்பு முளைத்த ஆண்மான். ஒரு கொம்பனாவது சாய்க்காதவனை நாங்கள் ஆம்பிளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெய்க்கோ சாது. பசுமாடு வைத்துப் பால் கறந்து பிழைக்கிறவன். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பெயர், ஒவ்வொன்றின் பிறந்த நாளும் மனப்பாடம். அப்படிப்பட்டவன் காதெல்லாம் சிவந்துபோய் எழுந்து நின்றான். பாதிரியார், பாடகர் குழு, என் அண்ணன் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் துப்பாக்கி ஒரு கொம்பனைச் சாய்ச்சு, அது என் வீட்டு உத்தரத்துல தொங்கற வரைக்கும் நான் மோதிரம் மாத்த மாட்டேன்" என்றான்.

ரொட்டித் தட்டு என் கையிலேயே நின்றுவிட்டது. பின்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிவந்த எங்கள் ஜனங்களின் பிடிவாதம் தெரியாதவர்களுக்கு இது விளையாட்டுப் பேச்சாகத் தோன்றலாம். எங்கள் ஆட்கள் சபதம் செய்தால் செய்ததுதான். சுப்பீரியர் ஏரி வற்றினாலும் வார்த்தை மாறாது. சரி, ரெண்டு மாசத்தில் நவம்பர் வந்துவிடும், வேட்டை தொடங்கினால் ஒரு கொம்பன் கிடைக்காமலா போகும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கிடைக்காமலே போயிற்று. ஒன்பது நவம்பர்.

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா அப்பா போன பிறகு அண்ணனும் நானும்தான் வீட்டில். தைஸ்தோ மர அறுவை மில்லில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனுக்குப் பித்தளைதான் பெண்டாட்டி. சுட்டு முடித்த தோட்டாவின் காலிக் கூட்டை எங்கே பார்த்தாலும் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவான். வீட்டுக்கு அடியில் நிலவறையில், உருளைக்கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில், ஒரு மேஜை. மேஜையில் நீளமான கைப்பிடி வைத்த ஓர் இரும்பு அழுத்தி. கூட்டின் அடியில் வெடித்துப்போன பழைய கேப்பைத் தட்டி எடுத்து, கூட்டை அச்சில் அழுத்தி, புதுக் கேப் வைத்து, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, கழுத்தில் குண்டைப் பொருத்துவான். மருந்து நிறுப்பது பல வருஷமாக என் வேலை, கிட்டத்தில் இருப்பது அவனுக்குச் சரியாகத் தெரியாது. ஒரே தடவை சுட்டுவிட்டுக் கூட்டை எறிகிறவன் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தூக்கி எறிகிறவன் என்பது அவன் கட்சி. அடுத்தவன் பித்தளையோடு கலந்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு கூட்டின் அடியிலும் அரத்தால் ஒரு சின்ன வெட்டுப் போட்டு வைப்பான்.

அண்ணனும் வெய்க்கோவும் ஒரே நாளில், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கினார்கள். இங்கிலாந்துப் பட்டாளத்திலிருந்து கழித்துவிட்ட பழைய துப்பாக்கிகள், கிரீஸ் பூசிப் பீப்பாயில் செருகி வைத்திருந்தார்கள். ஒரே விலை, ஒரே தோட்டா. கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று உருவினார்கள்.

ஆனால் பட்டாளத்துத் துப்பாக்கியில் ஒரு சங்கதி உண்டு. தோட்டா போய் உட்காருகிற அறையைக் கொஞ்சம் தாராளமாகவே கடைந்து வைப்பார்கள். சண்டையில் சேறும் மண்ணும் ஒட்டின தோட்டாவும் உள்ளே போக வேண்டுமே. அந்தத் தாராளமும் ஒரு துப்பாக்கி மாதிரி இன்னொன்றில் இருக்காது. சுடும்போது பித்தளை உப்பி அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும், டின்னில் வைத்த ரொட்டி மாவு மாதிரி. டின் எந்த அளவோ ரொட்டி அந்த அளவு. அண்ணன் இதைச் சாப்பாட்டு மேஜையில், சவுனா என்கிற எங்கள் நீராவிக் குளியலறையில், ஒரு தடவை சாவு வீட்டில்கூட விளக்கியிருக்கிறான்.

"பட்டாளத்துக்காரனுக்குக் காலிக் கூட்டைப் பத்தி என்ன கவலை? சுட்டான், போட்டான், போனான். நாமதான் பொறுக்கி எடுத்து வாழணும். ஒரு தடவை என் துப்பாக்கில வெடிச்ச பித்தளை எனக்குத்தான் வாக்கப்பட்டது. வேற துப்பாக்கிக்குள்ள போகவே போகாது. அதனால கழுத்தை மட்டும் அச்சுல அழுத்து, குண்டு பிடிச்சுக்கும். உடம்பைத் தொட்டு நசுக்கினா, சுடறப்ப மறுபடி உப்பும், நசுக்கினா உப்பும், நாலு தடவையில அடியில விரிசல் விட்டுச் செத்துடும். கழுத்தை மட்டும் தொடு."

இதுதான் அவனுடைய வேதம். வேதத்தை ஒப்பித்துவிட்டு, ஒவ்வொரு நவம்பரும் பத்துத் தோட்டாவை அழகாகத் துடைத்து, வருங்கால மாப்பிள்ளைக்கு அன்பளிப்பு என்று வெய்க்கோவிடம் கொடுப்பான். வெய்க்கோவும் கண் கலங்க வாங்கிக்கொள்வான். பிறகு வெறுங்கையோடு திரும்பி வருவான். ஒரு வருஷம் மூடுபனி. ஒரு வருஷம் இருமல். ஒரு வருஷம் ஹில்மா என்கிற மாடு கன்று போட்டது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று ரூடி கடைக்குக் கடை சொல்லிக்கொண்டு திரிந்தான். நான் கூட்டுறவுக் கடையில் கல்லாவில் இருப்பவள். எல்லாம் என் காதில்தான் வந்து விழும்.

பத்தாவது நவம்பருக்கு முந்தின மாசம், கவுனைப் பூச்சி அரித்துவிட்டதா என்று பார்க்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். கெர்த்து உதவிக்கு வந்தாள். போட்டுப் பார்த்தால் முதுகில் கொக்கி மாட்டவில்லை. அவள் முட்டியை என் முதுகில் ஊன்றி இழுத்தாள். நான் மூச்சைப் பிடித்தேன். ரெண்டு கொக்கி தெறித்து அடுப்புக்குப் பின்னால் விழுந்ததுதான் மிச்சம்.

"சைமா, இது உன் தப்பில்லடி. ஒன்பது வருஷம் ஏலக்காய் ரொட்டி சுட்டிருக்கே, துணி என்ன பண்ணும்" என்றாள் கெர்த்து.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கவுனைக் கழற்றக்கூட இல்லாமல், தைக்கக் கொடுத்திருந்த வெய்க்கோவின் வேட்டைக் கோட்டை எடுத்து மேஜையில் அறைந்தேன். பையிலிருந்து தோட்டாக்கள் உருண்டு விழுந்தன. போன வருஷம் அண்ணன் கொடுத்த பத்தும் அப்படியே இருந்தன. அதில் ஒன்றின் கழுத்துக்குக் கீழே, தோளைச் சுற்றி மட்டும் நாய் கவ்வின மாதிரி பளபளவென்று கீறல். எதற்குள்ளேயோ பலவந்தமாகத் திணித்துப் பார்த்த கீறல்.

என்னவோ மனசில் தட்டியது. கெர்த்துவையும் இழுத்துக்கொண்டு கீழே போனேன். எண்ணெய் போடுவதற்காக வெய்க்கோவின் துப்பாக்கியும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அண்ணனின் வாளியிலிருந்து ஒரு காலிக் கூட்டை எடுத்து அண்ணன் துப்பாக்கியில் போட்டேன். தோட்டாவைத் தள்ளி அறையை மூடுகிற போல்ட், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி மூடியது. அதே கூட்டை வெய்க்கோவின் துப்பாக்கியில் போட்டேன். பாதியில் நின்றுவிட்டது. உள்ளங்கையால் குத்தினேன். கைப்பிடி கீழே இறங்கவே மாட்டேன் என்றது.

முதுகில் கொக்கி மாட்டாத கவுனோடு அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு நடந்ததுதான் பித்தளைக்கும் நடந்திருக்கிறது. ஒரு வீட்டில் உப்பினது இன்னொரு வீட்டு அளவுக்கு நுழையவில்லை.

அண்ணன் மில்லிலிருந்து வந்ததும், வெய்க்கோவுக்குக் கொடுக்கிற பத்தையாவது முழு உடம்போடு அச்சில் அழுத்திக் கொடேன் என்று மெதுவாகக் கேட்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். கேட்பானா? அவனுக்குப் பிரசங்கம் வந்துவிட்டது. கழுத்து, உடம்பு, விரிசல், சாவு. தன் உயிர் இருக்கிற வரை இந்த வீட்டில் ஒரு பித்தளையின் உடம்பைத் தொட விடமாட்டேன் என்று சூப்புக் கரண்டியைத் தூக்கிச் சத்தியம் செய்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான்.

ஆனால் என்னை அரித்தது வேறு. போல்ட் மூடவில்லை என்பது முதல் வருஷமே வெய்க்கோவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் ஒன்பது வருஷம் வாயைத் திறக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? சபதம் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறானா? மறுநாள் நேராக மாட்டுக் கொட்டிலுக்குப் போனேன். வெய்க்கோ ஹில்மாவின் மடிக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தான். கீறல் விழுந்த தோட்டாவை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"தெரியுமா, தெரியாதா?"

அவன் தோட்டாவைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மொதல் வருஷத்துலேர்ந்து."

"என்னைக் கட்டிக்க இஷ்டமில்லேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே, வெய்க்கோ. நான் செத்தா போயிருப்பேன்?"

அவன் பதறிப்போய் எழுந்ததில் பால் வாளி கவிழ்ந்தது. முதல் வருஷம் ஒரு கொம்பன் வந்து எதிரே நின்றதாம். துப்பாக்கியைத் தூக்கினானாம். அது தலையைத் திருப்பி, ஹில்மா தீனிக்குப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்ததாம். அந்த நேரம் பார்த்து போல்ட் மூட மாட்டேன் என்றதும், ஆண்டவனே நன்றி என்று அங்கேயே அழுதுவிட்டானாம். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அண்ணனின் தோட்டாவையே கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். கடையில் புதுத் தோட்டா வாங்கினால் போல்ட் மூடிவிடுமே. சுடவும் முடியவில்லை, கொடுத்த வார்த்தையை மீறவும் முடியவில்லை, ரூடி முன்னால் சொல்லவும் முடியவில்லை.

"உன்னை வேணாம்னு ஒரு நாள் நெனச்சதில்ல, சைமா" என்றான். "நம்பலேன்னா என் மறைவிடத்தை வந்து பாரு. நான் ஏன் ரெண்டு ஓட்டை இருக்கறதா பார்த்து வாங்கினேன்?"

வெய்க்கோவின் மறைவிடம் ஊருக்கே தெரியும். மானுக்குக் காத்திருக்க மற்றவர்கள் மரத்தில் பலகை அடிப்பார்கள், தகரக் கொட்டகை போடுவார்கள். பழைய பள்ளிக்கூடத்தை இடித்தபோது வெய்க்கோ, பலகை இருக்கையில் ரெண்டு ஓட்டை வைத்த அதன் மரக் கக்கூஸை விலைக்கு வாங்கி, டிராக்டரில் இழுத்துக்கொண்டு போய்ப் புல்வெளி ஓரத்தில் நிறுத்தியிருந்தான். ஒரு ஓட்டைக் கக்கூஸும் அங்கே இருந்தது, விலையும் குறைவு. இவன் ரெண்டு ஓட்டைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றதை அன்று எல்லாரும் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே போய்ப் பார்த்தேன். ஒரு ஓட்டையின் மூடிமேல் நைந்துபோன சாக்கு. பக்கத்து ஓட்டையின் மூடிமேல் வெள்ளை ஆட்டுத்தோல், ஓரம் மடித்துத் தைத்தது, ஒருவரும் உட்காராதது. சுவரில் அந்தப் பக்கம் மட்டும் காற்று வராமல் துணி வைத்து அடைத்திருந்தான். கக்கூஸில் நின்று யாரும் சந்தோஷத்தில் அழுதிருக்க மாட்டார்கள். நான் அழுதேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். இவனால் சுட முடியாது. முடியாதவனை முடி முடி என்று குத்துவது பாவம். ஆனால் சபதத்தின் வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் "நான்" என்று சொல்லவில்லை. "என் துப்பாக்கி" என்றான். பாதிரியாரே சாட்சி. சின்ன வயசிலேயே அண்ணன் எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்திருந்தான். அந்த வாரமே என் பேரில் வேட்டை லைசன்ஸ் வாங்கினேன். வெய்க்கோவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, போல்ட் மூடினால் உனக்குத் தைரியம் வரும் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

கடையில் தோட்டா வாங்கலாம்தான். ஆனால் எங்கள் கடையில் சைமா தோட்டா வாங்கினாள் என்பது அவள் வீட்டுக்கு வருவதற்குள் அண்ணன் காதுக்குப் போய்விடும். அதனால் அண்ணன் மில்லுக்குப் போன மத்தியானம் கெர்த்துவும் நானும் கீழே இறங்கினோம். முழு உடம்பை அழுத்துகிற அச்சு, துருப்பிடித்த டப்பாவில், உருளைக்கிழங்குக்கு அடியில் கிடந்தது. எண்ணெய்ப் பசை இல்லாமல் அழுத்தினால் கூடு அச்சிலேயே சிக்கிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அண்ணனின் எண்ணெய் டப்பாவைத் தொட்டால் அளவு குறைந்ததைக் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே வெய்க்கோவின் கொட்டிலிலிருந்து மாட்டு மடிக் களிம்பைக் கொண்டுவந்திருந்தேன்.

முதல் கூட்டுக்குக் கஞ்சத்தனமாகத் தடவிவிட்டேன். கைப்பிடி இறங்கியது, ஏறவில்லை. நான் தொங்கினேன். கெர்த்து என்னைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அண்ணன் வருகிற வேளை நெருங்க நெருங்க, கர்த்தரே இந்த ஒன்றை மட்டும் விடுவியும் என்று வேண்டிக்கொண்டே ஒரு இழுப்பு இழுத்தோம். பக் என்று கூடு வெளியே வந்தது, கெர்த்து உருளைக்கிழங்கில் போய் விழுந்தாள். அடுத்ததற்கெல்லாம் ஹில்மாவின் மடிக்குத் தடவுவது போல் தாராளமாகத் தடவி அழுத்தி, ஒவ்வொன்றையும் பிசுக்குப் போகத் துடைத்தேன். வெய்க்கோவின் துப்பாக்கியில் போட்டுப் பார்த்தேன். போல்ட் சத்தமில்லாமல் மூடியது. கெர்த்து கை தட்டினாள். மீதி வேலை எனக்குப் பழகினதுதான். அண்ணன் இந்த வருஷம் வெய்க்கோவுக்கென்று துணியில் சுற்றி வைத்திருந்த பத்தோடு என் பத்தை மாற்றி வைத்தேன்.

வேட்டை தொடங்குகிற நாளான நவம்பர் பதினஞ்சு விடிந்தது. பள்ளிக்கூடம் மூடல், மில் மூடல், ஊரில் பாதிப்பேர் காட்டில். ஊர் ஆம்பிளைகள் காட்டில் தங்குகிற வேட்டைக் குடிசைக்கு என் அண்ணன்தான் தலைவன். ஆனால் அன்று பார்த்து அவனுக்குப் பல்வலி. கன்னம் வீங்கி, சூடு பண்ணின உப்பு மூட்டையைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குடிசையில் படுத்திருந்தான். அவன் துப்பாக்கி வாசல் ஆணியில் தொங்கியது. குடிசைக்குள் பெண்கள் நுழையக்கூடாது என்பது அவர்கள் சட்டம். நான் எதற்கு நுழைகிறேன்? என் இடம் கக்கூஸ்.

வெய்க்கோ சாக்கிலும் நான் ஆட்டுத்தோலிலும் உட்கார்ந்தோம். மடியில் சூடு ஆறாத பேஸ்டி, உள்ளே இறைச்சியும் கிழங்கும். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தோம். பனி லேசாகப் பெய்தது. ஒன்பது வருஷத்தில் நாங்கள் ரெண்டு பேரும் தனியாக, ஒருவரும் பார்க்காமல், இவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. மான் வராவிட்டால்கூடப் பரவாயில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

வந்துவிட்டது. ஓடை ஓரமாக, நிதானமாக, தலையில் ஒரு நாற்காலியைக் கவிழ்த்த மாதிரி கொம்பு. வெய்க்கோ துப்பாக்கியைத் தூக்கிப் போல்ட்டைத் தள்ளினான். அது இறங்கி மூடியது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"சைமா, மூடிக்கிச்சு" என்றான் ரகசியமாக, கிணற்றில் விழுந்தவன் குரலில்.

"தெரியும். சுடு."

"என்னையே பாக்குது."

"உன்னைப் பாக்கல, பேஸ்டியைப் பாக்குது. சுடறியா இல்லையா?"

அவன் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டான். கண்ணில் தண்ணீர். நான் துப்பாக்கியை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கினேன். அவன் தடுக்கவில்லை. கண்ணை மூடிக் காதைப் பொத்திக்கொண்டான். தைஸ்தோவின் தங்கை என்று ஊர் சும்மாவா சொல்கிறது? ஒரே வெடி. கொம்பன் நின்ற இடத்திலேயே சாய்ந்தது. போல்ட்டை இழுத்தேன், காலிக் கூடு பலகையில் குதித்து விழுந்தது. வெய்க்கோ கண்ணைத் திறந்து, அதுக்கு வலிச்சிருக்குமா என்று கேட்டான். இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை.

வெடிச் சத்தம் கேட்டு ரூடியும் இன்னும் சிலரும் வந்தார்கள். பின்னாலேயே தலையில் உப்பு மூட்டைக் கட்டோடு அண்ணனும் வந்தான். நான் எதையும் மறைக்கவில்லை. லைசன்ஸோடு வந்த, என் பேர் எழுதின அட்டையைக் கொம்பில் கட்டிவிட்டு, சுட்டது நான், சாய்த்தது வெய்க்கோவின் துப்பாக்கி, சபதம் தீர்ந்தது, சனிக்கிழமைக்குப் பாதிரியாரிடம் சொல்லிவைக்கப் போகிறேன் என்றேன். சபதத்தின் வார்த்தை அதுதான் என்று ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள்.

ரூடிக்கு மட்டும் பொறுக்கவில்லை. கீழே கிடந்த கூட்டை எடுத்துத் திருப்பினான். அடியில் அரத்தால் போட்ட ஒரு வெட்டு. இது தைஸ்தோவின் பித்தளை, தைஸ்தோவின் துப்பாக்கி காலையில் வாசலில் காவலில்லாமல் தொங்கியது, பெண் அதை எடுத்துக்கொண்டு வந்து சுட்டுவிட்டு எங்கோ ஒளித்துவைத்திருக்கிறாள், வெய்க்கோவின் துப்பாக்கி இந்த ஜன்மத்தில் எதையும் சாய்க்காது என்றான்.

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் ஆம் என்றால் இன்னும் எத்தனை நவம்பரோ? அண்ணன் குனிந்து மானைப் பார்த்தான். தோளுக்குப் பின்னால் பொட்டு வைத்த மாதிரி ஒரே ஓட்டை. அவன் முகத்தில், வீங்கின கன்னத்தையும் மீறி, பெருமை பரவியது.

"இப்படிச் சுடறது என் துப்பாக்கி ஒண்ணுதான்" என்றான் பாவி.

"அண்ணே" என்றேன்.

"நியாயம்னா நியாயம், தங்கச்சி. பித்தளை பொய் சொல்லாது. மாப்ளே, உன் துப்பாக்கியைக் கொடு." கூட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினான். "கேட்டுக்கோங்க. என் துப்பாக்கில வெடிச்ச பித்தளை இன்னொரு துப்பாக்கிக்குள்ள போகாது. நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? இது இதுக்குள்ள போகாம நின்னா, சுட்டது என்னோடது."

கூட்டை வெய்க்கோவின் துப்பாக்கியில் போட்டான். போல்ட்டைத் தள்ளினான். அது வழுக்கிக்கொண்டு போய், கைப்பிடி கீழே இறங்கி, கிளிக் என்று உட்கார்ந்தது. அண்ணன் திறந்தான், மறுபடி மூடினான். மறுபடியும் கிளிக்.

"போயிடுச்சே" என்றேன்.

அண்ணன் இன்னொரு தடவை திறந்து மூடினான். நான் விடவில்லை. "உன்னுதுல வெடிச்சது வேற எதுக்குள்ளயும் போகாதுன்னு ஊரெல்லாம் சொல்றியே அண்ணே, அப்ப உன்னுதுல வெடிச்சதையே ஒன்பது வருஷமா இவருக்கு ஏன் கொடுத்தே?"

அண்ணன் தலைக்கட்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். பல்வலிகூட மறந்துவிட்டது போல. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், எங்கள் வீட்டு நுணல் கெட்ட அழகை அன்று ஊரே நின்று பார்த்தது. முதலில் சிரித்தவன் ரூடிதான், ஆனால் கெர்த்து உருளைக்கிழங்கில் விழுந்த கதையை நான் சொன்னதும் அவன் சிரிப்பு நின்றது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, உடம்பைத் தொட்டிருக்கீங்களே என்றான். துக்கம் விசாரிக்க வந்தவன் குரல் அது. பத்துமா என்று கேட்டான். பத்தும் என்றேன். போய்ப் பனியில் உட்கார்ந்துகொண்டான்.

கொம்பன் வெய்க்கோ வீட்டு உத்தரத்தில் தொங்கியது. பாதிரியார் வந்து கண்ணால் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை என்று தேதி கொடுத்தார். கவுனை நசுக்கி என்னை உள்ளே திணிக்க வேண்டாம் என்று கெர்த்துவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவள் ரெண்டு பக்கமும் தையலைப் பிரித்து வெள்ளைத் திரைச்சீலைத் துணியை வைத்துத் தைத்தாள். நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு மோதிரம் மாற்றினேன்.

அண்ணன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. வெய்க்கோவின் துப்பாக்கியை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு தினமும் எங்கோ போய்வந்தான். பித்தளை துக்கம் போகவில்லை என்று நினைத்தேன். விருந்தில், சர்ச்சுக்குக் கீழே, அதே காப்பி மேஜையில், ஒரு காப்பி டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். திறந்தேன். உள்ளே பித்தளைக் கூடுகள், துடைத்துத் துடைத்துக் கண்ணைப் பறித்தன.

"எல்லாம் வெய்க்கோ துப்பாக்கில வெடிச்சது. கல் குவாரியில போய் நானே சுட்டேன்" என்றான். "இது உங்க வீட்டு அளவு. இனிமே உடம்பைத் தொடாதே, கழுத்தை மட்டும் தொடு. ரொம்ப நாள் வரும்."

ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் அரத்தால் போட்ட வெட்டு ஒன்றல்ல, ரெண்டு.

"என்னோடது ஒரு வெட்டு. நீங்க ரெண்டு பேராச்சே, அதான்" என்று சொல்லிவிட்டு, பல்வலி போன கன்னத்தைத் தடவிக்கொண்டே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரொட்டி கொண்டுவருவேன் என்று சொன்னேன். அதைக் கேட்டபிறகுதான் அவனுக்கு முகம் தெளிந்தது.

வெய்க்கோ டின்னைப் பத்திரமாக ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, இதை எங்கே வைக்கலாம் சைமா என்று கேட்டான்.

"நம்ம கக்கூஸ்லதான்" என்றேன்.